ஐஸ்காரரை விடுங்க, மாமாவைப் பிடிங்க! கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி ஏன் வருது?

[திரையில்: பாம்பன் பாலம். வாடைக்காத்து சத்தம்.]

வணக்கம் மக்களே! தங்கச்சிமடத்துல ஒரு வீடுன்னு வச்சுக்கங்க. பத்து மாசக் குழந்தை, ராத்திரியெல்லாம் கர்கர்னு மூச்சு. அப்பத்தா தீர்ப்பு சொல்லியாச்சு: "பனியில தூக்கிட்டுப் போனீல்ல, அதான்." மருமக விடல: "இல்லத்தே, பக்கத்து வீட்டுல ஐஸ் குடுத்துட்டாங்க."

இதுக்கு மூணு நாள் முன்னாடி என்ன நடந்துச்சு? மாமா வந்தாரு. தும்முனாரு. துண்டால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "எங்கடா என் மருமகன்?"னு தூக்கி ஒரு முத்தம்.

குற்றவாளி சிக்கிட்டாரு!

மாமாவுக்கு அது வெறும் ஜலதோஷம். அதே ஆர்எஸ்விங்கிற வைரஸ் கைக்குழந்தைக்குப் போனா நெஞ்சுக்குள்ள இறங்கிடும். 1956-ல இதை முதல்ல பிடிச்சது அமெரிக்காவுல, சளி பிடிச்ச சிம்பன்ஸிங்ககிட்ட. சிம்பன்ஸி ஜலதோஷக் கிருமின்னு பேரும் வச்சாங்க. அப்புறம் பாத்தா, அது நம்ம நோய்! ரெண்டு வயசுக்குள்ள அநேகமா எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறையாவது வந்துடும்.

வேற கிருமி? ரைனோ வைரஸ்ல மட்டும் நூறு வகைக்கு மேல. நிமோனியாவுக்கு நிமோகாக்கஸ் பாக்டீரியா; அதுக்கு ஒன்றரை, மூணரை, ஒம்பது மாசத்துல அரசு ஊசி இலவசம், போட்டுருங்க. அவ்வளவுதான் பாடம்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம். [திரையில்: இளநீர் ஸ்ட்ரா]

பச்சைக்குழந்தையோட மூச்சுக்குழாய் சுமார் 4 மில்லிமீட்டர். இந்த ஸ்ட்ராவை விடக் கொஞ்சம் குறைச்சலாக்கூட இருக்கும். உள்ள சுத்தியும் 1 மில்லிமீட்டர் வீங்குதுன்னு வைங்க. வழி பாதியாயிடும், 2 மில்லிமீட்டர். அப்ப மூச்சிழுக்க ரெண்டு மடங்கு கஷ்டமா? இல்ல, பதினாறு மடங்கு! கணக்கு அப்படி: குழாய் பாதியானா 2 × 2 × 2 × 2-னு பெருக்கணும். அதே 1 மில்லிமீட்டர் மாமாவுக்கு வீங்குனா? அவரு குழாய் 15 மில்லிமீட்டருக்கு மேல. தொண்டையைச் செருமிட்டு டீக்கடைக்குப் போயிடுவாரு. நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு ஸ்ட்ராவைக் கீழ வச்சுட்டேன்.

மழைக்காலத்துல ஏன் ஜாஸ்தி? கடலுக்குப் போக முடியாம எல்லாரும் வீட்டுல. கதவு சாத்தியாச்சு. ஈர விறகு புகையுது. நம்ம மாவட்டத்துல விறகுன்னா சீமைக்கருவேலம், கரின்னாலும் அதே. அந்தக் கரியிலதான் குளிப்பாட்டுன கையோட சாம்பிராணி வேற போடுறோம்! மூச்சுக்குழாய்ல சளியை மேல தள்ளிவிடுற நுண்முடிகளைப் புகை முடக்கிடும். பீடிப்புகையும் அதே வேலைதான் பாக்கும். அப்பத்தாமார்களே, சாம்பிராணியை சாமிக்குப் போடுங்க, புள்ளைக்கு வேணாம். மூக்குல எண்ணெய் விடுறதும் ஊதுறதும் வேணவே வேணாம். கமெண்ட்ல திட்டுறதுன்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க. குழந்தை அழாம இருக்கறப்ப சட்டையைத் தூக்கி, ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ளன்னா 60, ஒரு வயசுக்குள்ளன்னா 50, அஞ்சு வயசுக்குள்ளன்னா 40. அதைத் தொட்டாலே ஆஸ்பத்திரி. மூச்சிழுக்கறப்ப விலாவுக்குக் கீழ, கடல் உள்வாங்குற மாதிரி உள்ள போகுதா? பால் குடிக்க முடியலையா? உதடு நீலமா இருக்கா? காலையில முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காதீங்க, அப்பவே 108-க்குப் போன் போடுங்க.