ஈசிபி அதிகம், ஈசினோஃபில் கவுண்ட் நார்மல்: எதை நம்பறது?

அடுத்த கேள்வி. ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "டாக்டர், என் பையனுக்கு ஒன்பது வயசு, ஆஸ்துமா இருக்கு. பிளட் டெஸ்ட்ல ஈசிபி 28னு வந்திருக்கு, பக்கத்துல 'ஹை'னு போட்டிருக்காங்க. ஆனா ஈசினோஃபில் கவுண்ட் நார்மல்தான். எதை நம்பறது? எதனால அலர்ஜின்னு இதுல தெரியுமா?"

நல்ல கேள்விம்மா. கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேன். தெரியாது. தூசியா, மகரந்தமா, பூனை முடியான்னு ஈசிபி சொல்லவே சொல்லாது. அதுக்கு ஸ்கின் பிரிக் டெஸ்ட், இல்லைன்னா ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா பார்க்கற ஐஜிஇ (அலர்ஜியில உடம்பு உண்டாக்கற எதிர்ப்பொருள்) ரத்த டெஸ்ட், ரெண்டும்தான் வழக்கமான வழி.

அப்ப ஈசிபி எதைச் சொல்லுது? நம்ம ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை ஈசினோஃபில். ஈசின்ங்கற சாயத்தை நல்லா உறிஞ்சி சிவப்பாத் தெரியுதுன்னு 1879ல பால் எர்லிக் கண்டுபிடிச்சார், அந்தப் பேரே நின்னுடுச்சு. அந்த செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பைகள் இருக்கு. அதுல அடைச்சு வெச்சிருக்கற புரோட்டீன்கள்ல ஒண்ணுதான் ஈசினோஃபில் கேட்டயானிக் புரோட்டீன், சுருக்கமா ஈசிபி. இதுக்கு பாசிட்டிவ் சார்ஜ். அதனால கிருமியோட மேல்சவ்வுல போய் ஒட்டிக்கிட்டு ஓட்டை போடும். புழு மாதிரி பெரிய ஒட்டுண்ணிகளை அடிக்கறதுக்கு நல்ல ஆயுதம். ஆஸ்துமாவுல என்ன ஆகுதுன்னா, அங்க அடிக்கறதுக்குப் புழு எதுவும் இல்லை. ஆனாலும் ஈசினோஃபில் இதைக் கொட்டுது, மூச்சுக்குழாயோட உள் தோல் அடி வாங்குது.

இப்ப கவுண்டுக்கு வருவோம். வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கங்கறது வேற, அதுல எத்தனை பேர் சண்டை போடறாங்கங்கறது வேற இல்லையா? கவுண்ட் முதல் கணக்கு, ஈசிபி ரெண்டாவது கணக்கு. ஒண்ணு நார்மலாவும் இன்னொண்ணு அதிகமாவும் இருக்கறதுல முரண்பாடு ஒண்ணும் இல்லை. ரெண்டுமே உண்மையா இருக்கலாம்.

"இருக்கலாம்"னு ஏன் இழுக்கறேன்னா, இந்த டெஸ்ட்ல ஒரு சிக்கல் இருக்கு. இதை யாரும் பேஷன்ட்கிட்ட சொல்றதில்லை. ரத்தத்தை ஊசியில எடுத்து குழாய்ல விட்டதும் ஈசினோஃபில் செத்துப் போறதில்லை. ரத்தம் உறையற நேரத்துல, அந்தக் குழாய்க்குள்ளேயே அது ஈசிபியை வெளிய விட்டுக்கிட்டு இருக்கும். அதிக நேரம் வெச்சா அதிகமா வரும். சூடான இடத்துல வெச்சாலும் ஏறும், குளிர்ல வெச்சா குறையும். அதனாலதான் அறை வெப்பத்துல, அதாவது 22 டிகிரி செல்சியஸ் அளவுல, ஒரு மணி நேரம் வெச்சு அப்புறம் சீரத்தை, அதாவது ரத்தம் உறைஞ்சதும் தனியா நிக்கற தெளிவான திரவத்தை, பிரிக்கணும்னு ஒரு முறை வெச்சிருக்காங்க. குழாய் வகையும் முக்கியம். ரத்தம் உறையாம தடுக்கற ஈடிடிஏ போட்ட குழாய்ல எடுத்தா அளவு குறைச்சலாத்தான் வரும். காலையில ரத்தம் எடுத்து, சாயங்காலம் வரைக்கும் ஒரு மூலையில கிடந்து, அப்புறம் லேபுக்குப் போயிருந்தா, உங்க 28ல பையனோட உடம்புல இருந்தது எவ்வளவு, குழாய்ல சேர்ந்தது எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது. லேப்ல கேளுங்க. தயங்காதீங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

சரி, முறையாவே எடுத்திருக்காங்கன்னு வெச்சுப்போம். பெரும்பாலான லேப்ல 15 மைக்ரோகிராம், லிட்டருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒரு எல்லை போட்டிருப்பாங்க. 28 அதை விட அதிகம்தான். ஆனா ஆஸ்துமாவுக்குன்னே ஏறற அளவு இல்லை இது. தோல்ல எக்ஸிமா இருந்தாலும் ஏறும், மூக்குல பாலிப், அதாவது சதை வளர்ச்சி, இருந்தாலும் ஏறும், வயித்துல புழு இருந்தாலும் ஏறும். குழந்தைங்கறதால புழுவை மறந்துடாதீங்க, ஒரு மோஷன் டெஸ்ட் பார்த்துடறது நல்லது. பெரியவங்கள்ல சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் கூடுதலா இருக்கும்.

என்னைக் கேட்டா, ஒரே ஒரு தடவை எடுத்த ஈசிபியை வெச்சு நான் மருந்தைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதுக்கு பிரயோஜனம் இருக்கற இடம், ஒரே ஆளுக்கு, ஒரே லேப்ல, நாள்ல அதே நேரத்துல திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கறப்பதான். இன்ஹேலர்ல ஸ்டீராய்டு ஒழுங்கா எடுத்தா இந்த அளவு இறங்கறது வழக்கம். இறங்கலைன்னா, மருந்து சரியா உள்ள போகுதா, ஸ்பேசர் (இன்ஹேலரோட மாட்டற குழாய்) வெச்சு இழுக்கறானான்னு முதல்ல பார்ப்பேன். தினசரி வைத்தியத்துல நாங்க அதிகமா நம்பறது ஈசினோஃபில் கவுண்டையும், மூச்சுக் காத்துல நைட்ரிக் ஆக்ஸைடு அளக்கற டெஸ்ட்டையும்தான்.

அதனால நீங்க டாக்டர்கிட்ட போறப்ப இந்த 28ஐ மட்டும் கொண்டு போகாதீங்க. ராத்திரி இருமி எழுந்திருக்கானா, ஓடி விளையாடினா மூச்சு வாங்குதா, நிவாரண இன்ஹேலர் வாரத்துல எத்தனை தடவை தேவைப்படுதுன்னு நாலு வாரத்துக்குக் குறிச்சு எடுத்துட்டுப் போங்க. ரிப்போர்ட்ல "ஹை"னு இருக்கேன்னு நீங்களா டோஸ் கூட்டாதீங்க, கவுண்ட் நார்மல்னு நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.