பதினைந்து வயது மூப்பர்

எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இடம் அமெரிக்காவில் யூட்டா பகுதியின் சால்ட் லேக் சிட்டி, காலம் 1850கள். வாத்தியார் ஒரு சின்னப் பெண்ணை அடிக்கத் தோல்வாரை எடுக்கிறார். அவளுடைய அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். "அதால அவளை அடிக்காதீங்க" என்கிறான். வாத்தியார் அவன் பக்கம் பாய்கிறார். பையன் வாத்தியாரையே அடித்து நொறுக்கிவிடுகிறான். அதோடு அவன் படிப்பு முடிந்தது, பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பையன் பெயர் ஜோசப் எஃப். ஸ்மித். 1854 ஏப்ரலில், மோர்மன் சபையின் பொதுக்கூட்டத்தில் வெளியூருக்குச் சமயம் பரப்பும் ஊழியத்துக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள், அதில் இவன் பெயரும் வருகிறது. ஹவாய் தீவுகளுக்குப் போக வேண்டும். வயது பதினைந்து. புறப்படுவதற்கு முன் 'எல்டர்' என்ற பட்டம் கொடுத்தார்கள், தமிழ் பைபிளில் 'மூப்பர்' என்று வரும் சொல் அதுதான்.

இவன் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். மோர்மன் சபை என்பது அமெரிக்காவில் தோன்றிய, கிறிஸ்தவ வழி வந்த ஒரு சபை. அதைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஹைரம், அவருடைய மகன் இவன். பெரியப்பா, சித்தப்பா என்று யாரையும் சார்ந்து வளர முடியாத குழந்தைப் பருவம். 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலம் கார்த்தேஜ் சிறையில் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அப்போது இவனுக்கு ஐந்து வயது. 1848இல் அம்மா மேரி ஃபீல்டிங், விதவையாக, பிள்ளைகளோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே கிளம்பினாள். ஒன்பது வயதுப் பையன் ஒரு வண்டிக்கு மாடு ஓட்டினான். 1852இல் அம்மாவும் போய்விட்டாள். ஆக, கப்பலேறியபோது அவனுக்கு ஊரில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கூடப்பிறந்தவர்கள்தான். அடிபடாமல் அவன் காப்பாற்றிய அந்தத் தங்கை மார்த்தா ஆனுக்குத்தான் பிறகு பல பத்தாண்டுகள் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

கப்பலேறினான் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. கலிஃபோர்னியா வரை வண்டியில் போய், அங்கே மரப்பட்டறையில் கூரைக்குப் போடும் பலகை ஓடு செய்கிற வேலை பார்த்து, கூலியைச் சேர்த்து, அதை வைத்துத்தான் சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் பிடித்தார்கள். 1854 செப்டம்பர் 27 அன்று ஹொனலூலு.

இப்போது நாம் தெருவில் பார்க்கிற மோர்மன் பையன்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, படிப்பு, பிறகு நாள் முழுக்க நடை, இரவு பத்தரைக்குப் படுக்கை. சம்பளம் கிடையாது, தங்கள் சேமிப்போ வீட்டுப் பணமோ போட்டுத்தான் இரண்டு வருடம் ஓட்டுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க. கூட்டாளியை அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அவனை விட்டுத் தனியாக எங்கேயும் போகவும் கூடாது. பழக்கமே இல்லாத ஒருவனோடு இருபத்துநாலு மணி நேரமும் ஒரே அறையில் இருப்பது, கதவைத் தட்டித் தட்டி 'வேண்டாம்' என்று கேட்பதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2019 பிப்ரவரி வரை வீட்டோடு பேசுவது வருடத்துக்கு இரண்டு முறைதான், கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. அப்புறம்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. பதினெட்டு வயது ஒன்றும் பெரிய வயதில்லை.

ஜோசப்புக்கு அதுகூட இல்லை. மாவி தீவில், ஹாலேயாகலா எரிமலைச் சரிவில் இருக்கிற கூலா என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். போன சில நாளிலேயே கடும் காய்ச்சலில் விழுந்தான். மொழி ஒரு சொல் தெரியாது. அந்த மக்களே அப்போது நொந்து கிடந்தவர்கள், முந்தின ஆண்டு, 1853இல், வந்த பெரியம்மை ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. அப்படி அடிபட்ட ஊரில்தான் இந்த அந்நியப் பையனுக்குப் பாயும் சோறும் கிடைத்தது.

சோறு என்றால் 'போய்'. நம்முடைய சேப்பங்கிழங்குதான். அதை வேகவைத்து, தோல் நீக்கி, பலகையில் வைத்துக் கல்லால் இடித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைவார்கள். பசை மாதிரி வரும், ஊதா கலந்த சாம்பல் நிறம். ஒரு நாள் இரண்டு நாள் வைத்தால் பழைய சோற்றைப் போல லேசாகப் புளித்துவிடும், அதைத்தான் ருசி என்பார்கள். எல்லாரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து விரலால் எடுத்து உண்பார்கள். கெட்டியாக இருந்தால் ஒரு விரல் போய், தளர்ந்திருந்தால் இரண்டு விரல், மூன்று விரல். யோசித்துப் பாருங்கள், கையால் உண்ணுகிற நமக்கே ஒரே சட்டியில் விரல் விடுவது கொஞ்சம் தயக்கமாக இருக்கும். இவன் அதையும் பழகிக்கொண்டான்.

மொழியும் அப்படித்தான் வந்தது. சுமார் நூறு நாளில் ஹவாய் மொழியில் பேச, ஜெபிக்க, பிரசங்கம் செய்யக் கற்றுக்கொண்டான். அது தெய்வம் தந்த வரம் என்பது அவனுடைய நம்பிக்கை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் பக்கத்தில் வைக்க விரும்புகிறேன். பேச வேறு ஆளே இல்லாத ஊரில், நோயில் கிடக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, 'தண்ணீர்' என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்த வீட்டுப் பெண்களும் அந்த வரத்தில் ஒரு பங்கு. அவர்கள் வாயில் ஜோசப் 'யோசெப்பா' ஆனான். தமிழ் பைபிளில் 'யோசேப்பு' என்று படித்த காதுக்கு அந்தப் பெயர் அந்நியமாகவே படாது.

பதினாறு, பதினேழு வயதிலேயே ஒரு தீவு முழுவதற்கும் பொறுப்பாளன். மாவி, பிறகு 'பெரிய தீவு' என்று சொல்லப்படும் ஹவாய் தீவு, பிறகு மோலோகாய் தீவு. நடைதான், கையில் காசு இல்லை. 1856இல் ஒரு தீ விபத்தில் அவன் பெட்டி எரிந்துபோனது, துணிமணி, புத்தகம், அதுவரை எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் சேர்த்து. அதன்பிறகு கொஞ்ச காலம் அவனுக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து வெளியே போட்டுக்கொள்ள ஒரே ஒரு உடுப்பு. ஒருவன் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போவான், அவன் திரும்பி வரும்வரை மற்றவன் படுக்கையில் கிடப்பான்.

இந்த நாட்களில் அவன் கண்ட ஒரு கனவைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு மூட்டையோடு அவசர அவசரமாக எங்கேயோ ஓடுகிறான். ஒரு பெரிய மாளிகை தெரிகிறது. வழியில் குளிக்கும் இடம் என்று எழுதியிருக்கிறது. நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நின்று குளிக்கிறான், மூட்டையைப் பிரித்தால் வெள்ளைவெளேரென்று துவைத்த உடை. உடுத்திக்கொண்டு கதவைத் தட்டுகிறான். திறப்பது இறந்துபோன சித்தப்பா. தாமதமாக வந்திருக்கிறாயே என்று கடிந்துகொள்ளும் பார்வை. ஆமாம், ஆனால் நான் சுத்தமாக இருக்கிறேன் என்கிறான். உள்ளே அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள். விழித்தபோது தான் பையனாக இல்லை, ஆளாகிவிட்டேன் என்று உணர்ந்ததாகச் சொல்கிறார்.

இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரே உடுப்பைப் பங்குபோட்ட பையனின் கனவில் வருவது துவைத்த உடைதான்.

ஆனால் அதே இடத்தில் என்னை உறுத்தும் ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தை நினைத்துப் பேசும்போது, அறியாமையில் கிடந்த தாழ்ந்த மக்களின் நட்பைத் தவிர தனக்கு வேறு துணை இல்லை என்ற தோரணையில் பேசுகிறார். தாழ்ந்தவர்களா? பாய் கொடுத்தவர்கள் அவர்கள்தானே, உயிரைக் காத்ததும் அவர்கள்தானே. அன்றைய ஊழியர்கள் பலருக்கும் இருந்த பார்வை அது, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

1857இல் திரும்பி வரச் சொல்லி உத்தரவு. கலிஃபோர்னியாவிலிருந்து வண்டியில் ஊருக்கு வரும் வழியில் ஒரு காலைப்பொழுது, குடித்துவிட்டு வந்த சிலர் குதிரையில் பாய்ந்து வந்து, மோர்மன் எவனாவது கண்ணில் பட்டால் கொல்வோம் என்று கத்துகிறார்கள். கூட வந்தவர்கள் ஓடைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். அடுப்புக்கு விறகு சுமந்து வந்த இவன் நேராக நடந்து போனான். துப்பாக்கியை நீட்டி, நீ மோர்மனா என்று கேட்கிறான் ஒருவன். ஆமாம் ஐயா, உள்ளும் புறமும், சாயம் போகாத மோர்மன் என்கிறான் இவன். அந்த ஆள் அசந்துபோய், கொள்கையில் நிற்கிற ஒருவனைப் பார்த்ததில் சந்தோஷம் என்று கை குலுக்கிவிட்டுப் போனான். பத்தொன்பது வயது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1901இலிருந்து 1918இல் இறக்கும்வரை அவரே சபையின் தலைவர். அந்த நாளில் ஒருமுறை ஹொனலூலு துறைமுகத்தில் இறங்குகிறார். மாலைகளோடு பெருங்கூட்டம். நடுவில் ஒரு கிழவி, கண் தெரியாது, தொண்ணூறு வயதிருக்கும், யாரோ கைபிடித்து அழைத்து வருகிறார்கள். கையில் சில வாழைப்பழம். "யோசெப்பா, யோசெப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள். அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, அம்மா, அம்மா என்று அழுதிருக்கிறார். சின்ன வயதில் நான் நோயில் கிடந்தபோது என்னை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டவள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். அவள் பெயர் மா மானுஹீ.

இங்கேயே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் யூட்டாவில் அவர் பெயரில் ஓர் ஊர் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஹவாயிலிருந்து சபைக்காகவே சால்ட் லேக் சிட்டிக்கு வந்து குடியேறியவர்களை அங்கே பலர் அண்டவிடவில்லை. 1889இல், தென்மேற்கே ஸ்கல் வேலி என்ற வறண்ட பள்ளத்தாக்கில் அவர்களுக்கென்று ஊர் அமைத்து 'யோசெப்பா' என்று பெயர் வைத்தார்கள். கடலில் வளர்ந்தவர்கள் பனியிலும் உப்பு மண்ணிலும் பாடுபட்டு, தண்ணீர் கொண்டுவந்து, மரம் நட்டு, இருநூறு பேருக்கு மேல் பெருகினார்கள். தொழுநோயும் வந்தது, பல குழந்தைகள் இறந்தன. ஹவாயில் லாயியே என்ற ஊரில் கோயில் கட்டத் தொடங்கியதும் பெரும்பாலோர் தீவுக்கே திரும்பினார்கள், 1917இல் ஊர் காலியானது.

இப்போது அங்கே மிச்சம் ஒரு கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் தீவு வழி வந்த குடும்பங்கள் அந்த வெட்டவெளிக்கு வந்து கூடாரம் போட்டு, சமைத்து, பாடி, ஒவ்வொரு கல்லுக்கும் பூமாலை போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நன்றி, வணக்கம்.