வழிபாட்டில் உயர்ந்தது தியாகக் காணிக்கையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திரண்டிருக்கும் யாழ்ப்பாணத்துச் சபையோரே, வணக்கம்.

கிறிஸ்தவ வழிபாட்டில் உயர்ந்தது துதியா, தியாகக் காணிக்கையா என்பது தலைப்பு. நான் காணிக்கையின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு சான்றுகளை வைத்தார். ஒன்று வேதாகமத்தின் 50ஆம் சங்கீதம். எருதுகளின் இறைச்சி கடவுளுக்கு வேண்டாம், ஸ்தோத்திரபலிதான், அதாவது துதியாகிய பலிதான் வேண்டும் என்றார். மற்றது, பிலிப்பி நகரச் சிறையில் நடு இரவில் அப்போஸ்தலர் பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் பாடிய பாட்டு.

சங்கீதத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். எதிரணித் தலைவர் இன்னும் கொஞ்சம் கீழே வாசித்திருக்கலாம். என் உடன்படிக்கையை உன் வாயினால் சொல்ல உனக்கு என்ன நியாயம் உண்டு என்று அதே சங்கீதத்தில் கடவுள் கேட்கிறார். யாரிடம்? திருடனைக் கண்டால் அவனோடு சேர்ந்து போகிறவனிடம். வாய் மட்டும் போதாது என்பதற்கு அவர் கொண்டுவந்த சாட்சியே எங்களுக்கும் சாட்சி.

சரி, சிறைக்கு வருவோம். அந்தப் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் பாடுவதற்கு முன் என்ன நடந்தது? குறிசொல்லவைத்துப் பிழைப்பு நடத்தியவர்களின் பிடியிலிருந்த ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவித்தார். வருமானம் போன ஆத்திரத்தில் அவளுடைய எஜமான்கள் பவுலையும் சீலாவையும் இழுத்துப் போனார்கள். துணியைக் கிழித்து, தடியால் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். முதுகைக் கொடுத்த பிறகு பாடிய பாட்டு அது. அந்த முதுகைக் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள எதிரணிக்கு உரிமை இல்லை.

பிலிப்பியில் உருவான சபையும் பாட்டோடு நிற்கவில்லை. பவுல் மீண்டும் காவலில் கிடந்தபோது தங்கள் தூதரான எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியது. அந்தப் பணியில் அவர் சாகும் நிலைவரை போய் மீண்டார். மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய வறுமையில் இருந்தே கொடுத்தன என்று பவுல் வேறொரு நிருபத்தில் எழுதுகிறார். பிலிப்பியும் அந்த நாட்டு ஊர்தான். அவர்கள் அனுப்பியதை அவர் பலிபீடத்தில் வைத்த சுகந்த பலியாகவே ஏற்றுக்கொண்டார்.

எங்கள் மண்ணைப் பாருங்கள். அமெரிக்க மிஷனரி ஹரியட் வின்சிலோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். 1833இல் இங்கேயே கண்மூடினார். இன்னொரு அமெரிக்க மிஷனரி டானியல் புவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். இவர்கள் எந்த ராகத்தில் பாடித் துதித்தார்கள் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? இவர்கள் கொடுத்ததை எல்லோருக்கும் தெரியும்.

கடல் கடந்து வந்தவர்களை மட்டும் சொன்னால் எங்கள் அம்மம்மாமாருக்கு அநியாயம் செய்தவனாவேன். உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போட்டு, ஞாயிறு தேவாலயத்துக்குக் கொண்டுபோன பிடியரிசிக்காரிகள் அவர்கள். மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று காத்திருக்கவில்லை. முதலில் எடுத்தார்கள், அப்புறம்தான் உலை. அந்தப் பிடி வீட்டில் யாரோ ஒருவருடைய வாய்க்குப் போகவேண்டிய சோறு.

பத்துப் போட்டால் நூறாக வரும் என்று போடுவதை நான் காணிக்கையில் சேர்க்கவில்லை. அது வட்டிக்கு விடுவது. பலி செலுத்த வந்த தாவீது ராஜாவிடம் அர்வனா என்பவன் தன் போரடிக்கும் களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றபோது, செலவில்லாத பலியைச் செலுத்தமாட்டேன் என்று 50 வெள்ளிச் சேக்கல் எண்ணிக் கொடுத்தானே தாவீது, அதைச் சொல்கிறேன். சங்கீதம் பாடுவதில் அவனை மிஞ்சியவர் யார்? அவனுக்கே பாட்டு மட்டும் போதவில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வி. எருசலேம் ஆலயத்தில் துதி பாடவென்றே லேவியர் இருந்தார்கள். இயேசுவோ காணிக்கைப் பெட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். சீஷர்களைக் கூப்பிட்டு அவர் காட்டியது பாடகர்களையா, இரண்டு காசு போட்ட விதவையையா?