கொட்டாத குளவியும் கூடிப்போன வெக்கையும்

வணக்கம் நேயர்களே. குளவின்னு சொன்ன உடனே நம்ம ஆக்களுக்கு ஞாபகம் வாறது, கொழுந்து பறிக்கப் போன இடத்துல குளவி கொட்டி தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியிலன்னு வாற நியூஸ்தான். அதுல பிழையில்ல, அந்தக் குளவி ஆளையே கொல்லும். ஆனா அதே தேயிலை மலையில இன்னொரு குளவி கிட்டத்தட்ட 90 வருஷமா வேலை செய்யுது, ஆரையும் கொட்டுறதில்ல, சம்பளமும் கேக்கிறதில்ல. கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காது, அது வேற கதை.

மேக்ரோசென்ட்ரஸ்னு பேர். தேயிலை இலைகளை ஒட்டி வச்சு உள்ளுக்க இருந்து தின்னுற டோட்ரிக்ஸ் புழுவுக்காக 1935-36ல ஜாவாவுல இருந்து கொண்டு வந்து விட்டாங்க. புழுவுக்குள்ள முட்டை வைக்கும், பொரிச்சு வாற குஞ்சு புழுவை உள்ளுக்க இருந்தே தின்னு முடிச்சிட்டுத்தான் வெளிய வரும், கேக்க ஒரு மாதிரிதான் இருக்கும், ஆனா புழு அடங்கிருச்சு. பிறகு தண்டைத் துளைக்கிற வண்டுக்குன்னு டீல்ட்ரின் அடிச்சாங்க, அந்த மருந்து குளவியையும் கொன்னுது, அடங்கிக் கிடந்த டோட்ரிக்ஸ் திரும்ப எழும்பிச்சு.

கொழும்புல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச கதை பப்பாசிதான். 2008ல மாவு தூவின மாதிரி வெண்மூட்டுப்பூச்சி பப்பாசி, செவ்வரத்தை, மரவள்ளின்னு ஒண்டையும் விடாம அப்பிச்சே, அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. அங்க அதைத் தின்னுற எதிரி இருக்கு, இங்க வரேக்க அந்த எதிரி கூட வரல்ல, அதாலதான் அவ்வளவு ஆட்டம். அடுத்த வருஷமே போர்ட்டோ ரிக்கோவுல இருந்து அசெரோஃபாகஸ்னு ஒரு மில்லிமீட்டரும் இல்லாத குளவியை எடுத்து வந்து விட்டாங்க, பூச்சி குறைஞ்சுது. குறைஞ்ச பிறகு ஆருக்கும் அந்தக் குளவி ஞாபகத்துல இல்ல, நன்றி கெட்ட சனம் நாங்க.

2018ல சேனா படைப்புழு வந்து அம்பாறை, அனுராதபுரம் பக்கம் சோளனை அழிச்சுது. அதுட புழு குருத்துக்குள்ள ஒளிஞ்சிரும், மருந்து போய்ச் சேராது, அதால முட்டையிலேயே பிடிக்கிறதுதான் கெட்டித்தனம். அதுட தாய் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலா வச்சு மேல மயிரால மூடிரும், அந்த முட்டைக்குள்ள தன்ட முட்டையை வைக்கிற ட்ரைக்கோகிராமா குளவிக்கு மேல்தட்டு முட்டைதான் எட்டும், டெலினோமஸ் குளவி அடித்தட்டு வரைக்கும் போகும்.

இப்ப பிரச்சினை என்னண்டா, காலநிலை மாறுது, அது பூச்சிக்கும் குளவிக்கும் ஒரே அளவுல அடிக்கல்ல. வெண்மூட்டுப்பூச்சிக்கு வறட்சிதான் சீசன், நல்ல மழை பெய்ஞ்சா கழுவிப் போயிரும், மழை பிந்தினா பெருகிக்கொண்டே போகும். வெக்கை கூடினா படைப்புழு வேகமா வளரும், ஒரு போகத்துக்குள்ள இன்னொரு தலைமுறை கூட வரும். குளவிக்கு ஆயுசே கொஞ்ச நாள், வெக்கையில அதுவும் சுருங்கிரும், முட்டை வைக்கிறதும் குறையும், படைப்புழுட முட்டை கெதியா பொரிச்சிட்டா குளவி தன்ட முட்டையை வைக்கிறதுக்கு அது மிஞ்சாது. அமெரிக்காவுல புகையிலைப் புழுவுல பார்த்திருக்காங்க, புழு தாங்குற வெக்கையில உள்ளுக்க இருக்கிற குளவிக்குஞ்சு செத்துப்போகுதாம். ஒருக்கா விட்டா காலத்துக்கும் பார்த்துக்கொள்ளும்னு முந்தி இருந்த நம்பிக்கையை நான் இனி நம்ப மாட்டன். வெக்கை தாங்குற குளவி இனத்தைத் தேடி எடுக்கணும், விடுறதையும் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு விடணும், வரப்புல பூக்கிற செடி கொஞ்சம் மிஞ்சணும், ஏனெண்டா வளர்ந்த குளவி குடிக்கிறது தேன்.

வீட்டுப் பப்பாசியில பூச்சியைக் கண்டவுடனே மருந்துப் போத்தலைத் தூக்காதீங்க. இலையைத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாருங்க, காய்ஞ்சு கோதாகி, உடம்புல வட்டமா ஓட்டை இருக்கிற பூச்சிகள் இருந்தா குளவி வந்திருச்சு, ரெண்டு கிழமை பொறுங்க. இல்லாட்டி கமநல சேவை நிலையத்துல விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்க. குளவியை நாங்களே வெளிநாட்டுல இருந்து எடுப்பிக்கலாமான்னு சிலர் கேக்கிறாங்க, ஏலாது, இங்க விட முந்தி அது வேற நல்ல பூச்சியில கை வைக்காதான்னு அடைச்சு வச்சுப் பார்க்கணும், அது அரசாங்க வேலை. அதோட லீவுக்கு வாற சொந்தக்காரங்க கிட்ட பூங்கண்டு, தடி, கிழங்குன்னு சூட்கேஸுக்குள்ள கொண்டுவரச் சொல்லாதீங்க, புதுப் பூச்சி நாட்டுக்குள்ள வாற வழி அதுவும்தான்.