"மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்தவர்கள்

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தைய நாள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியர் இல்லை, நீங்கள் வருகிறீர்களா என்று குருவானவர் கேட்கிறார். உடனே நாம் என்ன சொல்வோம்? "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா." அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், குருவானவர் பிரதான வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியேறிவிடுவோம். ஜெபித்தோமா என்றால், பெரும்பாலும் இல்லை. ஜெபித்தால் பதில் வந்துவிடுமே!

சிரிக்கிறீர்கள். எல்லோருக்கும் அந்தப் பக்கவாட்டு வாசல் தெரிந்திருக்கிறது.

வேதத்தில் வரும் தீர்க்கதரிசி யோனா இதைவிட நேர்மையானவன் என்று சொல்ல முடியாது. "நினிவேக்குப் போ" என்ற வார்த்தை அவனுக்கு வருகிறது. நினிவே இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில், மோசூல் நகரத்தை ஒட்டி இருந்தது. வடகிழக்கே தரைவழியாகப் போகவேண்டிய ஊர். இவனோ மேற்கே கடற்கரைக்கு இறங்கி, யோப்பாவில் கப்பல் பிடிக்கிறான். கப்பல் போகும் ஊர் தர்ஷீஸ். அது ஸ்பெயினின் தென்கரையில் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். அக்காலத்து மனிதனுக்கு அதற்கப்பால் உலகமே இல்லை. கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்தான் என்றும் வேதம் சொல்கிறது. கீழ்ப்படியாமைக்குச் செலவு நம்முடையதுதான், அதை யாரும் கொடுத்து உதவமாட்டார்கள்.

முதல் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் மறுபடி வாசித்துப் பாருங்கள். யோனா கர்த்தரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முடியாது என்றோ பயமாக இருக்கிறது என்றோகூடச் சொல்லவில்லை. எழுந்தான், போய்விட்டான். புயல் வந்து, கப்பலிலிருந்த அந்நியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் தேவனை நோக்கிக் கூப்பிடும்போது, ஜெபிக்கத் தெரிந்த ஒரே தீர்க்கதரிசி கீழ்த்தட்டில் நன்றாகத் தூங்குகிறான். எழுப்பிக் கேட்டால், சமுத்திரத்தையும் பூமியையும் உண்டாக்கிய தேவனிடம் பயபக்தியுள்ளவன் என்று சொல்லிக்கொள்கிறான். அந்தத் தேவன் உண்டாக்கிய சமுத்திரத்தின்மேலேயே அவரைவிட்டு ஓடிக்கொண்டு! கப்பல்காரர்களுக்கு எரிச்சல் வந்திருக்கும்.

மோசேயைப் பாருங்கள். எகிப்தின் அரசன் பார்வோனிடம் போ என்று கர்த்தர் சொல்லும்போது, எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்றுகொண்டு எத்தனை சாக்குகள்! நான் யார் பார்வோனிடம் போக? உம்முடைய பேர் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன்? அவர்கள் என்னை நம்பமாட்டார்களே. எனக்குப் பேச்சு வராதே. கடைசியில் எல்லாச் சாக்கும் தீர்ந்துபோய், வேறு யாரையாவது அனுப்பும் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறார். கர்த்தருக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தோடுகூடவே அண்ணன் ஆரோனும் துணையாக வருகிறான். அத்தனையும் சொன்ன மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். வாதாடினார், தப்பி ஓடவில்லை.

இயேசு சொன்ன இரண்டு மகன்களின் கதையும் இதுதான். திராட்சத்தோட்டத்துக்குப் போ என்று தகப்பன் சொல்கிறார். ஒருவன் "மாட்டேன்" என்கிறான், பிறகு மனம் மாறிப் போகிறான். மற்றவன் "போகிறேன் ஐயா" என்கிறான், போகவில்லை. "ஐயா" என்ற அந்த மரியாதையில் நம் சபைக்காரர் ஒருவரின் குரல் எனக்குக் கேட்கிறது. தகப்பன் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்றவனுக்கு அந்த வார்த்தை இரவெல்லாம் காதில் ஒலித்திருக்கும். இனிக்கப் பேசியவனுக்கு அப்படி உறுத்த எதுவும் இல்லை. நல்ல பிள்ளை என்ற பெயரோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய இடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதனால் முழுக்கச் சொல்லவில்லை. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், பாட்டனார் காலத்திலிருந்தே மிஷனரிக் குடும்பம். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அந்த வாழ்க்கையில் கொஞ்சமும் விருப்பமில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாய்க்கு உடல்நலமில்லை என்பதால் திண்டிவனத்துக்கு வந்தார். திரும்பிப் போய்விடும் எண்ணத்தோடுதான் வந்தார். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, பிரசவத்தில் துடிக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். என் தகப்பனார்தான் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். அந்நிய ஆண் பிரசவம் பார்ப்பதை அவர்கள் வழக்கம் அனுமதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிந்திய வருடங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. ஓர் இரவின் கண்ணீரில் "சரி ஆண்டவரே" என்று சொல்ல யாராலும் முடியும், கன்வென்ஷன் பந்தலில் நாம் எத்தனை தடவை கையை உயர்த்தியிருக்கிறோம்! இவர் கடல் கடந்து போய் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1899இல் கார்னெலில் பட்டம் வாங்கி, மருத்துவமனை கட்டப் பணம் திரட்டி, 1900இல் வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களில் தகப்பனார் காலமாகிவிட்டார். அருகிலிருந்து வேலை கற்றுத்தர வேண்டியவர் இல்லை. அப்போதும் திரும்பவில்லை. ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தவருக்கு, வேண்டும் என்று சொல்லும்போதும் அது முழு மனதின் சொல்லாக இருந்தது.

மறுபடி யோனாவிடம் வருவோம். கடலில் எறியப்பட்டு, மீன் விழுங்கிக் கரையில் கக்கிய பிறகு அவன் நினிவேக்குப் போனானே, கீழ்ப்படிந்துவிட்டானே என்று கேட்கலாம். கால்கள் கீழ்ப்படிந்தன. மூன்று நாள் நடக்கவேண்டிய நகரத்தில் ஒரு நாள் வழி போய்ப் பிரசங்கம் செய்தான். என்ன பிரசங்கம்? இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழும் என்ற ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கிறது. மனந்திரும்புங்கள் என்ற சொல் அதில் இல்லை, கர்த்தருடைய பெயர்கூட இல்லை. ஆனாலும் ஊரே மனம் வருந்தி, இரட்டு என்ற சாக்குத் துணி உடுத்தி உபவாசித்தது. இவனோ ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டு, அழிவைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தான்.

அவன் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நினிவே அசீரியரின் ஊர். கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை விழுங்கியது அந்த அசீரியப் பேரரசுதான். எதிரிக்கு இரக்கம் கிடைப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. நான்காம் அதிகாரத்தில் கோபத்தோடு அதைக் கொட்டுகிறான்: நீர் இரக்கமுள்ளவர் என்று தெரியும், அதனால்தான் ஓடினேன். பலர் இதை யோனாவின் வீழ்ச்சி என்பார்கள். எனக்கென்னவோ, புறப்பட வேண்டிய நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை இங்கேதான் அவன் சொல்கிறான் என்று தோன்றுகிறது. சொன்ன பிறகுதான் கர்த்தர் அவனோடு உட்கார்ந்து பேசுகிறார், அவனுக்கு நிழல் தந்து மறுநாளே வாடிப்போன ஆமணக்குச் செடியைக் காட்டுகிறார், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கும் மேலானவர்களுக்காகவும் மிருகஜீவன்களுக்காகவும் கேட்கிறார்.

இடையில் ஒரு வார்த்தை. கர்த்தருக்குக் கீழ்ப்படிவது வேறு, கர்த்தர் பெயரைச் சொல்லிக் கட்டளையிடுகிற எல்லாருக்கும் கீழ்ப்படிவது வேறு. "எனக்கு வெளிப்பாடு வந்தது, நகையைக் கழற்றிக் கொடு" என்பவரிடம் தாராளமாக "மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மனந்திரும்ப வேண்டியதில்லை.

சிலுவைக்கு முந்தைய இரவில், கெத்செமனே தோட்டத்தில், நம் ஆண்டவரும் இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கக்கூடுமானால் என்று கேட்டார். மறைக்கவில்லை, மூன்று தரம் கேட்டார். கேட்டு முடித்தபின், தம்மைப் பிடிக்க வருகிறவர்கள் இருக்கும் பக்கமாகவே எழுந்து நடந்தார்.

நாளைக்கு அசனம், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் விருந்து. அரிசி மூட்டை வந்து இறங்கிவிட்டது, காய்கறி வெட்ட இரவெல்லாம் ஆள் இருப்பார்கள், எனக்குத் தெரியும். நம் ஊரில் உழைப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வரப்புத் தகராறில் கூடப்பிறந்த அண்ணனிடம் பல வருடம் பேசாமல், அதை ஈடுகட்ட ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு மூட்டை அரிசி கொடுக்கிறவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்றவர், மூட்டையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார். போக மனமில்லையா? இன்று இரவு அதை அவரிடமே சொல்லுங்கள்: "ஆண்டவரே, மாட்டேன். அந்த மனிதன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை." சண்டை போடுங்கள். "ஜெபித்துச் சொல்கிறேன்" மட்டும் வேண்டாம்.

நாளை அந்த அண்ணன் எந்தப் பந்தியில் உட்காருவார் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் அந்தப் பந்தியைப் பார்த்துத்தானே வேறு பந்தியில் உட்கார்ந்தீர்கள். நாளைக்குப் பரிமாறுகிற பையனிடமிருந்து சாம்பார் வாளியை வாங்கி, அவர் இலைக்கு நீங்களே ஊற்றுங்கள். அவர் நிமிர்ந்து பார்க்காவிட்டால், ரசத்துக்கும் நீங்களே போங்கள்.