கடலில் விழித்த கண் கரையில் ஏன் மூடவில்லை?

பாம்பனிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். ஒரு நாள் இரவு முழுக்கக் கடல், மறுநாள் இரவு வீடு. பகலில் படுத்தால் மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார். வீட்டில் இருக்கும் இரவிலும் ஒரு மணி, இரண்டு மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறார். இது பழக்கமா, நோயா?"

பழக்கம் என்ற சொல் இதற்குப் போதாது, சகோதரி. எடுத்தவுடன் நோய் என்றும் சொல்ல மாட்டேன். நம் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையில் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சிறு முடிச்சு அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், கடிகாரமும் வெயிலும் இல்லாத அறையில் ஆட்களைத் தங்கவைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஆனால் ஊர் நேரத்தோடு ஒட்டாமல் விலகிப் போயின. உள்ளே கடிகாரம் இருக்கிறது, அதைத் தினமும் திருத்திவைப்பது வெளிச்சம்.

காரங்காடு அலையாத்திப் பக்கம் போனால், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகளைச் சேற்றில் பாருங்கள். நீர் வற்றினால் வளையை விட்டு வெளியே வரும், ஏறினால் உள்ளே போய்விடும். இந்த இனத்து நண்டை ஏற்றமும் வற்றமும் இல்லாத ஆய்வுக்கூடத் தொட்டியில் விட்டாலும், சில நாட்களுக்கு அதைப் பிடித்த கரையில் நீர் வற்றும் நேரத்துக்கே நடமாடுகிறது. வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது அல்லவா? தொட்டி நண்டும் அப்படியே பிந்துகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு வருகிறேன். இந்தக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். அவர் கேட்பதோ, ஒரே இரவில் பகலை இரவாக்கு என்று. அது பழகுவதற்குள் மறுநாள் வீட்டு இரவு வந்துவிடுகிறது. களைத்து வந்து படுத்தாலும் உடம்புக்கு அது பகல்தான். அதனால்தான் மூன்று மணி நேரத்தில் விழிப்பு. அதோடு, முன்னிரவில் படகு விளக்கின் பளீர் வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரம் இன்னும் பிந்தும். சோம்பல் என்று தயவுசெய்து யாரும் அவரைச் சொல்லாதீர்கள்.

கரைக்கு வந்ததும் தடித்த சேலையை ஜன்னலில் கட்டி, அறையை நன்றாக இருட்டாக்குங்கள். நண்பகலுக்குப் பிறகு அவரை எழுப்பி வெளியே வெயிலில் நடமாட விடுங்கள். மாலை வரை தூங்கினால் இரவுத் தூக்கம் போய்விடும். அன்று இரவு வீட்டில் மங்கலான விளக்கு போதும், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், இரவெல்லாம் வீட்டில் இருந்தும் இதே நிலை நீடித்தால், அப்போது அவசியம் மருத்துவரிடம் காட்டுங்கள்.