ஓத அட்டவணையில் ஒரு நதி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

லண்டன் போகிறவர்கள் தேம்ஸ் நதியின் கப்பல் மரபைப் பார்க்க ஆசைப்பட்டால், நேரே கிரீனிச்சில் இருக்கும் கட்டி சார்க் கப்பலுக்குத்தான் போவார்கள். 1869-இல் கட்டிய தேயிலைக் கப்பல். 2007-இல் தீப்பிடித்தது, பழுது பார்த்து 2012-இல் மறுபடி திறந்தார்கள். இப்போது மூன்று மீட்டர் தூக்கி நிறுத்தியிருப்பதால் அதன் அடியிலேயே நாம் நடக்கலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓதநீர், அதாவது கடலோடு சேர்ந்து ஆற்றிலும் ஏறி வற்றும் நீர், ஒரு சொட்டுகூட அதைத் தொடுவதில்லை. தேம்ஸின் மரபைத் தேடினால் நான் முதலில் கையில் எடுப்பது, அந்த ஏற்றமும் வற்றமும் எப்போது என்று சொல்லும் ஓத அட்டவணையைத்தான்.

கடல் ஓதம் நகரத்தைக் கடந்து டெடிங்டன் மதகு வரை ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் ஏறி இறங்கும். இரண்டு மாடி உயரம்! இன்று வந்த ஏற்றம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். இஞ்சின் இல்லாத காலத்தில் ஆற்றில் பிழைத்தவர்கள் ஏற்றத்தோடு மேலே போவார்கள், வற்றத்தோடு கீழே வருவார்கள். கடிகாரம் சொல்வதெல்லாம் அப்புறம்தான்.

இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த வாகனம், செம்பழுப்புப் பாய் கட்டிய தேம்ஸ் சரக்குத் தோணி. அடிப்பாகம் தட்டை. வற்றத்தில் சேற்றிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால் துறைமேடை இல்லாத ஓடையிலும் சரக்கு ஏற்றலாம். காற்றில் பக்கவாட்டாக நழுவாமலிருக்க இருபுறமும் பெரிய பலகைகள். பாலம் வந்தால் பாய்மரத்தையே சாய்த்துவிடலாம். இத்தனையையும் சமாளிக்க இரண்டே பேர். லண்டனின் குதிரைகளுக்கு வைக்கோல் கொண்டுவந்த தோணிகளில் போர் பாய்மரத்தின் பாதி உயரத்துக்கு நிற்கும். சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. உதவியாள் போர் மேல் நின்று இடம், வலம் என்று கத்த வேண்டும். திரும்பும்போது அதே குதிரைகளின் சாணம் வயலுக்கு எருவாகப் போகும். (அந்தப் பயணத்தில் காற்று எதிர்த்து வீசக் கூடாது என்று அவர்கள் வேண்டியிருப்பார்கள்.)

குப்பை அள்ளும் தொழிலில் பணம் சேர்த்த ஹென்றி டாட் என்பவர் 1863-இல் இந்தத் தோணிகளுக்குப் போட்டி வைத்தார். கூலிக்குச் சரக்கு சுமந்தவர்களுக்கும் ஒரு மதிப்பு வரட்டும் என்பது எண்ணம். பாயை மட்டும் நம்பி வணிகம் செய்த கடைசித் தோணி ‘கேம்பிரியா’. அது 1970-இல் ஓய்ந்தது. மிஞ்சிய தோணிகள் இன்று விடுமுறைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர். ஓதம் உச்சிக்கு வருவதற்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்குகிறார்கள், உள்ளே பாயும் நீரே படகைத் தள்ளிவிடும் என்பதால். நேரலை எத்தனை மணிக்கு என்று நிலாதான் தீர்மானிக்கிறது. தண்ணீர் எப்போதும் தயவு காட்டும் என்றும் சொல்ல முடியாது. 1912-இல் இரண்டு படகுகளுமே மூழ்கின.

வற்றத்தில் வெளிப்படும் சேற்றுக்கரைக்கு வேறு கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகள் அங்கே கரித்துண்டும் கயிறும் செப்பாணியும் பொறுக்கி விற்றார்கள். இன்று பழைய களிமண் புகைக்குழாய்களையும் நாணயங்களையும் தேடி ஆர்வலர்கள் இறங்குகிறார்கள். லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. 300 ஆண்டுகளுக்கு மேல் பழைய பொருள் கிடைத்தால் அருங்காட்சியக அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். பசிக்குப் பொறுக்கியது பொழுதுபோக்கானதைச் சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எடுத்துக் கொடுப்பதால்தான் பல சின்னப் பொருள்கள் நமக்குத் தெரியவருகின்றன.

சரி, எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். அயர்லாந்து நடிகர் தாமஸ் டாகெட், மன்னர் முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறியதைக் கொண்டாட 1715-இல் ஒரு படகுப் பந்தயம் தொடங்கினார். தொழிற்பயிற்சியை முடித்த இளம் படகோட்டிகளுக்கானது. லண்டன் பாலத்திலிருந்து செல்சீ வரை, ஏழு கிலோமீட்டருக்கு மேல். வென்றவருக்குச் சிவப்புக் கோட்டும் வெள்ளிப் பதக்கமும் பரிசு. முதலில் வற்றத்தை எதிர்த்து, பயணிகளை ஏற்றும் கனத்த படகிலேயே துடுப்புப் போட்டார்கள். சில சமயம் இரண்டு மணி நேரம்கூட ஆகும். இப்போது மெல்லிய பந்தயப் படகில், ஏற்றத்தோடு அரை மணிக்குள் முடித்துவிடுகிறார்கள். டாகெட் தன் உயிலில் பணம் ஒதுக்கியதால் பந்தயம் இன்றும் நடக்கிறது.

அன்று அந்தப் படகோட்டிகள் அக்கரைக்குப் போக வேண்டியவர்களை ஏற்றினார்கள். இன்று அந்தப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் பலருக்கு அன்றாட வேலை இழுவைப் படகிலும் சுற்றுலாப் படகிலும்தான். நீங்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் சீட்டு வாங்கி ஏறும் படகின் சுக்கானைப் பிடித்திருப்பவர் வீட்டில் அந்தச் சிவப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.